பதிவேட்டில் 24, பாயில் 8: ஒரு சிற்றூர் அங்கன்வாடி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஊரும் மையமும்

தென் தமிழகத்தின் மானாவாரிப் பகுதி ஒன்றில் இருக்கும் ஊர் இது. மக்கள்தொகை ஏறக்குறைய 750. மழை வந்தால் மக்காச்சோளம், உளுந்து. வராவிட்டால் தீப்பெட்டி ஆலை, நூறு நாள் வேலை. நடுவில் ஒரு தார்ச் சாலை. அதற்கு மேற்கே ஊர், கிழக்கே காலனி. சாலையை ஒட்டி ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. அங்கன்வாடி காலனிக்குள் சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது. பெயர்ப்பலகையில் என்ன இருந்தாலும் ஊருக்கு அது பால்வாடிதான்.

அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விக்கு உதவும் ஒரு சிறு குழுவில் நான் வேலை செய்கிறேன். 2023 ஜூனில் அந்தப் பகுதியின் மேற்பார்வையாளர் எங்களை அழைத்தார். "சேர்க்கை நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்பப் போனாலும் பிள்ளைங்கதான் இல்ல" என்பது அவர் சொன்ன காரணம். அதிலிருந்து 2025 இறுதி வரை நடந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பழைய பணியாளர் 2021இல் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. பக்கத்து ஊர்ப் பணியாளர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் ஒரு நாள். மற்ற நாட்களில் எல்லாமே உதவியாளர்தான். ஐம்பது வயதைத் தாண்டிய, காலனியையே சேர்ந்த பெண். பிள்ளைகளுக்கு 'ஆயா'. அரிசி அளப்பது, சமைப்பது, ஊட்டுவது, தூங்க வைப்பது, கழுவி விடுவது எல்லாம் அவர் பாடு.

இந்த ஊரின் பிரச்சினை இந்த ஊரில் தொடங்கியதல்ல என்பதால் கொஞ்சம் பழைய கதையும் தேவை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை, ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள். தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் வந்தன. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. குழந்தைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாடு பெற்ற வெற்றி சாதாரணமானதல்ல. ஆனால் அதே வெற்றிதான் பால்வாடி என்றால் சோறு போடும் இடம் என்ற எண்ணத்தை மூன்று தலைமுறையாக ஊன்றிவிட்டது. முன்பருவக் கல்வி அந்த ஆறில் ஒன்று என்பதே பெற்றோரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

மையத்தில் பார்த்தது

நாங்கள் பார்த்த காலைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொரு குழந்தையாக வரும். பத்தே காலுக்கு எட்டுப் பேர் பாயில் இருப்பார்கள். ஆயா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து இரண்டு பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். குரல் நல்ல குரல். கைகளை ஆட்டிச் சொல்லும்போது பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள். அதற்குள் உலை கொதித்துவிடும். அதன்பின் சோறு வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் நிகழ்ச்சி.

பணியாளர் வரும் நாட்களிலும் பெரிய மாற்றம் இல்லை. அவர் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவார். போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். இரண்டு மையங்களுக்கும் சேர்த்து. காலனிக்குள் சிக்னல் சரியாக வராது. வாசல்படியில் நின்றால் வரும். ஆகவே அவர் பெரும்பாலும் வாசல்படியிலேயே இருந்தார்.

'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தின் செயல்பாட்டுப் புத்தகங்களும் விளையாட்டுப் பொருட்களும் பீரோவுக்குள் பூட்டியிருந்தன. கட்டைகள், படப் புதிர்கள், மணிகள், கைப்பாவை இரண்டு. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஆயா சொன்னது: "பொம்ம ஒடஞ்சா யாரு பதில் சொல்றது டீச்சர்? வந்து எண்ணுவாகல்ல." இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றும் எண்ணோடு இருக்கிறது; குறைந்தால் கேள்வி வரும். விளையாட்டுப் பொருளை விளையாடாமல் காப்பாற்றுவதுதான் பாதுகாப்பு என்று அமைப்பே சொல்லிக்கொடுத்திருந்தது. இதை அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் நிலையில் யார் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள்.

கட்டடம் மோசமில்லை. ஓடு மாற்றிய கூரை, சுவரெங்கும் புது வண்ணம், ஆங்கில எழுத்துகள், பழங்கள், ஒரு யானை. எல்லாம் பெரியவர்களின் கண் உயரத்தில். கழிப்பறை இருந்தது, தண்ணீர்த் தொட்டிக் குழாய் உடைந்திருந்தது.

பதிவேட்டைத் திறந்தோம். 24 குழந்தைகள்.

வீடு வீடாகப் போனபோது

தாய்மாரில் பாதிப்பேர் காலை எட்டு மணி ஆலை வண்டியில் போய் மாலை ஆறரைக்குத் திரும்புகிறவர்கள். பகலில் போய்க் கணக்கெடுத்தால் பாட்டிகளை மட்டுமே பார்க்கலாம். அதனால் மாலை ஏழு மணிக்கு மேல் போனோம். மேற்பார்வையாளரும் கூட வந்தார். அது அவர் வேலை நேரமல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஊரில் 27 குழந்தைகள் இருந்தார்கள். 8 பேர் அங்கன்வாடிக்கு வருகிறவர்கள். 11 பேர் நெடுஞ்சாலை முக்கில் இருக்கும் தனியார் நர்சரிப் பள்ளிக்கு வேனில் போகிறவர்கள். மீதி 8 பேர் எங்கேயும் ஒழுங்காகப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். இந்தக் கடைசி எட்டுப் பேர் பற்றி யாரும் அதுவரை பேசவில்லை. எல்லோர் கவலையும் வேனைப் பற்றித்தான்.

ஏன் வேன் என்று கேட்டால் முதல் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: இங்கிலீஷ். ஒரு பாட்டி சொன்னார்: "அங்க போனா சோறு போடுவாக, முட்ட போடுவாக. படிப்பு வேன்ல போனாத்தான் வரும் தாயி." அந்தப் பதிலோடு நிறுத்தியிருந்தால் ஆங்கிலப் பாட்டுக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டு வந்திருப்போம். உட்கார்ந்து பேசப் பேச வேறு மூன்று காரணங்கள் வந்தன.

ஒன்று நேரம். வேன் ஏழே முக்காலுக்கு வருகிறது, ஆலை வண்டி எட்டுக்கு. பிள்ளையை ஏற்றிவிட்டுத் தாய் ஏறுகிறாள். அங்கன்வாடியில் சமையல் தொடங்கவே ஒன்பது ஆகிவிடும். பாட்டி இல்லாத வீட்டுக்கு வேன்தான் ஒரே வழி.

இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும்; கட்டணத்தை அரசு கொடுக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்கு நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. அதாவது மூன்று வயது முடிந்தவுடன் விண்ணப்பித்தால்தான் உண்டு. அடுத்த ஆண்டு யு.கே.ஜி.க்குக் கேட்க முடியாது. முக்குப் பள்ளி இந்த ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் விழுந்ததால் இங்கே பலர் தகுதி பெற்றார்கள். அடுத்த ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேனில் போன 11 பேரில் 6 பேர் இந்த இடத்தில் சேர்ந்தவர்கள். கட்டணம் இல்லை, ஆனால் வேனுக்கு மாதம் 700 ரூபாய். ஒரு தகப்பனார் கணக்கைத் தெளிவாகச் சொன்னார்: "இப்ப விட்டா எட்டாவது வரைக்கும் போச்சு. பால்வாடி எங்கயும் ஓடிறாது." அவர் சொன்னதில் தப்பு எதையும் என்னால் காட்ட முடியவில்லை. அரசின் ஒரு கை அங்கன்வாடியை நடத்துகிறது, இன்னொரு கை அந்தக் குழந்தைகளையே மூன்றரை வயதில் வெளியே எடுக்கிறது.

மூன்றாவதை யாரும் நேராகச் சொல்லவில்லை. "ரோட்டைத் தாண்டி அனுப்ப பயமா இருக்கு" என்றார்கள் மேற்குப் பக்கத்தில். அதே பிள்ளைகள் அதே ரோட்டைத் தாண்டித்தான் மிட்டாய் வாங்கப் போகிறார்கள். மேற்கிலிருந்து அங்கன்வாடிக்கு வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு குழந்தை. அதுவும் சோற்று நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். யார் சமைக்கிறார்கள் என்பதுதான் பயம். ரோடு பேச்சுக்கு.

முதல் முடிவு: எண்ணைத் திருத்துவது

பதிவேட்டின் 24 பேரில் வேனில் போகிறவர்களும் இருந்தார்கள், வீட்டில் இருக்கிறவர்களும் இருந்தார்கள். யாரும் இதைப் பணத்துக்காகச் செய்யவில்லை என்பது என் கணிப்பு. எண்ணிக்கை குறைந்தால் மையத்தைப் பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் பல ஆண்டுகளாக இருந்தது. ஓய்வுபெற்ற பணியாளர் விட்டுப்போன எண்ணைக் குறைக்கிற துணிச்சல் கூடுதல் பொறுப்பில் வந்தவருக்கு இல்லை. ஊர்க்காரர்களுக்கும் பெயர் இருப்பதில் ஆட்சேபம் இல்லை.

விளைவு என்னவென்றால், காகிதத்தில் இது நன்றாக நடக்கும் மையம். நன்றாக நடக்கும் மையத்துக்கு நிரந்தரப் பணியாளர் எதற்கு அவசரமாக வேண்டும்? குழாய் எதற்கு? மையத்தைக் காப்பாற்ற எழுதிய எண்தான் அதற்கு வர வேண்டிய உதவியை இரண்டு ஆண்டு தள்ளிவைத்தது.

உண்மையான எண்ணை எழுதுவது என்று மேற்பார்வையாளர் முடிவெடுத்தார். அந்த முடிவின் சுமை முழுக்க அவருடையது, நாங்கள் வெளியாட்கள். ஒழுங்காக வருபவர்கள் 8, அவ்வப்போது வருபவர்கள் 2, ஆக 10 பேர் என்று 2023 ஆகஸ்டில் பதிவேடு திருத்தப்பட்டது. திட்ட அலுவலகம் விளக்கம் கேட்டது. அவர் வெறும் விளக்கத்தை அனுப்பாமல் வீடு வீடாக எடுத்த கணக்கையும் சேர்த்து அனுப்பினார்: வயது வாரியாக 27 குழந்தைகள், யார் எங்கே போகிறார்கள், தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார். குழந்தை இல்லாத ஊர் அல்ல, குழந்தைகள் வராத மையம் என்று அந்தத் தாளே சொல்லியது. மூட வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. 2024 ஜனவரியில், சிறு குடியிருப்புகளுக்கான குறு அங்கன்வாடி ஒன்றிலிருந்து இடமாறுதல் கேட்டுக் காத்திருந்த பணியாளர் இங்கே முழுநேரமாக வந்தார்.

எங்கே வைப்பது என்ற பேச்சு

இதற்கிடையில் இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டும் தள்ளப்பட்டன.

மேற்குப் பக்கத்துக்கு ஒரு குறு மையம் கேட்கலாம் என்றார்கள் அங்குள்ள சிலர். விதியைப் பார்த்தால் வாய் திறந்து கேட்கக்கூடிய கோரிக்கைதான்: 150 முதல் 400 வரை மக்கள்தொகைக்கு ஒரு குறு மையம், 400 முதல் 800க்கு ஒரு முழு மையம். ஆனால் இந்த ஊர் முழுவதற்குமே ஒரு மையம் போதும். பிரித்தால் சாதிக்கு ஒன்றாக இரண்டு மையங்கள் அரசுச் செலவில் உருவாகும். மேற்பார்வையாளர் அதை மேலே அனுப்பவே மறுத்துவிட்டார்.

அடுத்தது தொடக்கப் பள்ளி. சாலையோரத்தில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, ஒரு வகுப்பறை காலியாகவே கிடந்தது. அங்கே மாற்றினால் என்ன? எனக்கு இது நல்ல தீர்வாகவே பட்டது. 2019இல் மாநில அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியதும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான். பள்ளியோடு ஒட்டிய அங்கன்வாடிக்குப் பெற்றோரிடம் ஒரு மதிப்பு உண்டு. தலைமையாசிரியரும் சம்மதித்தார், அங்கன்வாடியில் பிள்ளை நின்றால்தான் அவர் ஒன்றாம் வகுப்பு நிற்கும்.

காலனிப் பெண்கள் எதிர்த்தார்கள். "எங்க தெருவுல இருக்குற ஒரே கவர்மென்ட் கட்டடம் இது. அவுக வரமாட்டேங்கிறாகன்னு நாங்க ஏன் தூக்கிக் குடுக்கணும்?" என்று சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. வருகிற எட்டில் ஏழு குழந்தைகள் காலனிக் குழந்தைகள். வராதவர்களின் வசதிக்காக வருகிறவர்களை நடக்க வைப்பது என்ன நியாயம்? மையம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை காலை மட்டும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடட்டும் என்று முடிவானது. அதுவும் 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

அன்றாட வேலையில் செய்த மாற்றங்கள்

புதுப் பணியாளர் வந்தபின் மாற்றங்கள் வேகமாக நடந்தன. பெரிதாகச் செலவு எதுவும் இல்லை.

முதலில் பீரோ. உடையும் பொருட்களை 'பயன்பாட்டில் தேய்ந்தது' என்று எழுதலாம் என்று மேற்பார்வையாளர் இருப்புப் பதிவேட்டிலேயே குறிப்பெழுதிக் கையொப்பம் போட்டார். அந்த ஒரு வரி இரண்டு ஆண்டுப் பூட்டைத் திறந்தது. முதல் வாரமே கைப்பாவை ஒன்றின் காது பிய்ந்தது. ஆயாதான் தைத்தார்.

அடுத்து நேரம். ஆயா எட்டு மணிக்கே மையத்தைத் திறப்பது, மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் கிளம்புவது. பணியாளர் வழக்கமான நேரத்துக்கு வந்து மாலை வரை இருப்பது. இதைத் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கினோம். ஊதியமில்லாத கூடுதல் நேரமாக அது மாறிவிடக் கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். அங்கன்வாடிப் பெண்களின் நல்ல மனசை நம்பி நடத்தும் சீர்திருத்தங்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆறு மாதம் தாண்டாது.

மூன்றாவது, பத்து மணி முதல் பன்னிரண்டு வரை கைப்பேசி கிடையாது. செயலி வேலை பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு, வாசல்படிக்கே போனது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கதை, கட்டை, வெளி விளையாட்டு, படம் வரைதல், பாட்டு. கதையும் பாட்டும் ஆயாவிடம். உலையை அதற்கேற்ப முன்பே ஏற்றிவிடுவார். "நான் என்ன டீச்சரா?" என்று முதலில் கூச்சப்பட்டவர், நரியும் காகமும் கதையை நாளுக்கொரு விதமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பயிற்சி பெற்ற பலரிடம் நான் பார்க்காத ஒன்று அவரிடம் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வரும்வரை.

பெற்றோரோடு பெரிய இழுபறி எழுத்து விஷயத்தில்தான். வேனில் போகும் பிள்ளை மூன்றரை வயதில் நோட்டு நிறைய 'ஏ' எழுதிக்கொண்டு வருகிறது. இங்கே பிள்ளை மண்ணில் விளையாடிவிட்டு வருகிறது. விளையாட்டே படிப்பு என்று நாங்கள் சொன்னது எடுபடவில்லை. 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியைத்தான் சொல்கிறது. அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? நோட்டு கொடுப்பதில்லை என்பதில் பணியாளர் உறுதியாக நின்றார். பதிலுக்கு, குழந்தை வரைந்ததை அதன் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, குழந்தை என்ன சொன்னதோ அதை அடியில் எழுதி வைத்தார். ஒரு வட்டத்துக்கு அடியில் 'எங்கப்பா லாரி டயர்'. மாதம் ஒரு மாலை, ஆலை வண்டி வந்தபின், தாய்மாரை அழைத்து அதைக் காட்டினார். ஆங்கிலப் பாட்டு நாலைந்து சேர்த்ததும் உண்மை. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் நஷ்டமும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஊராட்சித் தலைவர் உதவினார். அவர் மேற்குப் பக்கத்துப் பெண்மணி. 2024 ஜூனில் தன் பேத்தியைச் சேர்த்தார். முட்டை போடும் நாளில் தானும் வந்து பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கூட்டம் போட்டுப் பேசவில்லை. அதைத் தொடர்ந்து மேற்கிலிருந்து மூன்று குழந்தைகள் வந்தார்கள். இரண்டு பேர் சாப்பிட்டார்கள். ஒரு குழந்தை டப்பாவோடு வந்தது. டப்பாவை அனுமதிக்கலாமா என்று பணியாளர் கேட்டார். டப்பாவோடு வரும் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், ஆனால் தனியே உட்கார வைக்கக் கூடாது, எல்லோர் வரிசையிலும்தான் உட்கார வேண்டும் என்று முடிவானது. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. டப்பாவை ஏற்றதே தீண்டாமையை ஏற்றதுதான் என்று ஒருவர் இன்றும் சொல்கிறார். நான்கு மாதத்தில் அந்தக் குழந்தை டப்பாவைத் திறக்காமல் சாம்பார் சாதம் கேட்டது. வீட்டில் அது தெரியுமா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

பட்டியலில் இருந்த ஒரு சிறுவன்

வீட்டில் இருந்த எட்டுப் பேரில் ஒருவன் மூன்றரை வயதுச் சிறுவன். பாட்டியோடு இருந்தான். பேச்சு வரவில்லை, "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார்கள். பழைய பதிவேட்டில் அவன் பெயரும் வருகையும் ஓராண்டாக இருந்தன. குழந்தைகளைப் பரிசோதிக்க ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு வந்த நாட்களில் அவன் 'அன்று வரவில்லை'.

பட்டியல் திருந்தியபின், வராதவர்கள் யார் என்று முதல்முறையாகத் தெரிந்தது. ஆயா தினமும் போகிற வழியில் அவனை அழைத்து வந்தார். கதை நேரத்தில் எல்லோரும் திரும்பும்போது அவன் திரும்பவில்லை, தொட்டால்தான் திரும்பினான் என்பதைப் பணியாளர் மூன்றாவது வாரத்தில் கவனித்தார். மருத்துவக் குழு வழியாக, குழந்தைகளின் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போனான். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. 2024 செப்டம்பரில் காதொலிக் கருவி கிடைத்தது. இப்போது ஐந்து வயது தாண்டி ஒன்றாம் வகுப்பில் இருக்கிறான். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. சேர்க்கை எண்ணிக்கையை அலுவலகக் கணக்கு என்று நினைப்பவர்களிடம் நான் இந்தச் சிறுவனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

என்ன ஆனது

2024 ஜூனில் பதிவு 14, சராசரி வருகை 11. 2025 ஜூனில் பதிவு 20, வருகை 16. முதல் பார்வைக்கு நல்ல ஏற்றம். ஆனால் 2025இன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2025இல் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதி நிறுத்தப்பட்ட தகராறில், கல்வி உரிமைச் சட்டச் சேர்க்கை வழக்கமான ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கவில்லை. அக்டோபரில்தான் தொடங்கியது. அந்த இடத்தை நம்பியிருந்த ஐந்து குடும்பங்கள் ஜூனில் பிள்ளைகளை இங்கே விட்டார்கள். அவர்களைக் கழித்தால் பதிவு 15. முந்தைய ஆண்டைவிட ஒன்றுதான் அதிகம். இந்த ஐந்து பேரை எங்கள் வெற்றியாக எழுதிய ஒரு வரைவு அறிக்கையைத் திருத்தச் சொன்னேன்.

அப்படியானால் தரம் உயர்ந்தது சேர்க்கையை உயர்த்தியதா? இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் விஷயத்தில் ஆம். வீட்டில் எங்கும் போகாமல் இருந்த எட்டுப் பேர் என்ற எண் 2025இல் இரண்டாகிவிட்டது. இதற்கு நேர மாற்றமே முதல் காரணம், அதற்கடுத்தது ஆயாவின் அழைப்பு. நாலு வயதுக்காரர்கள் விஷயத்தில் இல்லை. எல்.கே.ஜி. இடம் கிடைக்கிற ஆண்டில் அது எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது. அங்கன்வாடி எவ்வளவு நன்றாக நடந்தாலும்.

மாறிய இன்னொன்றை எண்ணில் காட்ட முடியாது. 2023இல் பிள்ளைகளிடம் பேசினால் தலையாட்டுவார்கள். 2025 வாக்கில் அவர்கள் கேள்வி கேட்டார்கள், முக்கியமாக 'ஏன்' என்று. வெள்ளிக்கிழமைகளில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் என்பதால், 2025 ஜூனில் அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு வந்த நால்வரும் அழவில்லை என்றார் தலைமையாசிரியர்.

சரியாகாதவையும் உண்டு. தண்ணீர்த் தொட்டிக் குழாய் இரண்டு கிராம சபைத் தீர்மானங்களுக்குப் பிறகு 2025 மேயில்தான் மாறியது. மேற்குப் பக்கத்தில் ஏழு குடும்பங்கள் இன்றும் அனுப்புவதில்லை. காரணமாக ரோட்டைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு ஊரில் என்றால்

வரிசை மாறும். வீடு வீடான கணக்கு முதலில், மையத்தைப் பார்ப்பது இரண்டாவது. சுவருக்கு வண்ணம் அடிக்கப் பணம் இருந்தால் அது கடைசி. குழாய்க்கு முன்னால் நிச்சயமாக இல்லை.

ஜூனில் நடத்தும் சேர்க்கை ஊர்வலத்தை ஏப்ரல் முதல் வாரத்துக்குக் கொண்டுவருவோம். கல்வி உரிமைச் சட்ட விண்ணப்பம் திறக்கிற நேரத்தில்தான் குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. ஜூனில் பேனர் பிடிக்கும்போது பிள்ளை ஏற்கெனவே வேனில் இருக்கும். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டோம். அது அவர்கள் உரிமை. இடம் கிடைக்காத வீடுகளின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மே மாதமே போய்ப் பார்ப்போம்.

பள்ளியோடு சேர்ந்த வெள்ளிக்கிழமையை முதல் ஆண்டே தொடங்கலாம். அதற்கு அனுமதியைத் தவிர எதுவும் தேவைப்படவில்லை. கட்டடத்தை எங்கே வைப்பது என்ற பேச்சில், வருகிற குழந்தைகளின் வீட்டாரை முதல் கூட்டத்துக்கே அழைப்பது நல்லது.

2025 நவம்பரில் மேற்பார்வையாளருக்கு வேறு பகுதிக்கு மாறுதல் வந்தது. புதியவரிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது வீடு வீடான கணக்கின் நகலையும், இருப்புப் பதிவேட்டில் அந்த ஒரு வரி இருக்கும் பக்கத்தையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எட்டு மணிக்குத் திறக்கும் அனுமதி ஓராண்டுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதுப்பிக்கும் விண்ணப்பம் இப்போது திட்ட அலுவலகத்தில் இருக்கிறது.